பொலித்தீன் போர்வையும் களைக்கட்டுப்பாடும்

குளிரினின்றும் காற்றினின்றும் பெருமழையினின்றும் பயிரைக் காத்தற்பொருட்டு உழவன் அதன்மேற் போர்வையொன்றை இடுகின்றான். அப்போர்வை தரும் வெம்மையையும் ஈரத்தையும் பயிர் மாத்திரம் நுகர்வதில்லை. அதே பாத்தியில் உறங்கிக்கிடந்த களை வித்துக்களும் அவற்றை நுகர்கின்றன. திறந்த வெளியில் முளைக்கும் களை உழவனின் கண்ணுக்கும் கைக்கும் எளிதில் அகப்படும். போர்வையின் கீழ் முளைத்த களையோ மண்வெட்டிக்கு எட்டாது. கண்ணுக்கும் மறைவாயிருந்து வளரும். பயிரைக் காக்க இட்ட வேலியே பயிரின் பகையையும் காக்கும் இந்நிலை, பொலித்தீன் போர்வையின் கீழ் மரக்கறி வகைகளைச் செய்கைபண்ணும் நாடுகள் யாவற்றிலும் ஆராயப்பட்ட ஒரு பிரச்சினையாகும். அதன் இயல்பையும், அதற்குக் காணப்பட்ட தீர்வுகளையும், அத்தீர்வுகள் தாமே தோற்றுவித்த புதிய இடர்களையும் விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

களை என்பது யாது? வேண்டாவிடத்து வளரும் செடி யாவும் களையே. தக்காளிப் பாத்தியில் முளைத்த கீரையுங் களை. கீரைப் பாத்தியில் முளைத்த தக்காளியுங் களை. களையானது பயிரோடு ஒளிக்கும், நீருக்கும், நைதரசன் முதலிய ஊட்டப் பொருள்களுக்கும் போட்டியிடுகின்றது. இப்போட்டி பயிரின் வாழ்நாள் முழுவதும் ஒரே தன்மையாய் இருப்பதன்று. நாற்று நட்ட பின்னரோ வித்து முளைத்த பின்னரோ வரும் முதற் சில வாரங்களே பயிரின் விளைவைத் தீர்மானிக்கின்றன. அக்காலத்திற் களையின்றிக் காக்கப்பட்ட பயிர், தன் இலைகளால் நிலத்தை மூடிக்கொண்ட பின்னர் பிந்தி வரும் களைகளைத் தானே நிழலால் அடக்கிவிடும். அக்காலத்தில் நெருக்குண்ட பயிரோ, பின்னர் எத்துணை முயன்று களை பிடுங்கினும் இழந்ததை முற்றாக மீட்டுக்கொள்வதில்லை. மரக்கறிப் பயிர்களுள்ளும் இவ்வகையில் மிக நலிவுடையது வெங்காயம். அதன் இலைகள் ஒடுங்கி நிமிர்ந்து நிற்பனவாதலால், நிலத்துக்கு நிழலிட்டுக் களையை அடக்கும் ஆற்றல் அதற்கில்லை. பூசணியும் வெள்ளரியும் படர்ந்து நிலத்தை மூடுமாதலால், தொடக்க வாரங்களைத் தாண்டிவிட்டால் ஓரளவுக்குத் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும்.

களை பிடுங்குதல் உழவுத்தொழிலின் மிகப் பழைய பாடு. உடலை மிக வருத்தும் பாடுமாகும். குனிந்த முதுகு நிமிராது வரிசை வரிசையாய் நகர்ந்து செய்யப்படும் இவ்வேலை, உலகின் பல பாகங்களிற் பெண்களின் தலையிலேயே விழுந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கலிபோணியா மாநிலத்திலே, மரக்கறிப் பயிர்களைக் கலைத்து விடுதற்கும் களை கொத்துதற்கும் குட்டையான பிடியுடைய மண்வெட்டியொன்று நெடுங்காலம் வழங்கிவந்தது. நாள் முழுதும் இடுப்பை வளைத்தே அதனைக் கையாளவேண்டியிருந்தமையால், தொழிலாளர் பலர் முதுகெலும்பு நோய்க்கு ஆளாயினர். நெடிய வழக்காடலின் பின்னர் 1975ஆம் ஆண்டிலேயே அக்கருவி அம்மாநிலத்தில் விலக்கப்பட்டது. களையைத் தடுக்கும் எம்முறையையும் மதிப்பிடுமிடத்து இவ்வுண்மையை மறத்தலாகாது. களைக்கட்டுப்பாடு விளைவைப் பற்றிய கணக்கு மாத்திரமன்று. மனிதரின் முதுகைப் பற்றிய கணக்குமாகும்.

இனி, ஒருமுறை களை பிடுங்கிவிட்டால் வேலை முடிந்துவிடாதோ எனின், முடியாது. நிலம் ஒரு வித்துக் களஞ்சியம். கீரையினத்தைச் சேர்ந்த களையொன்று தக்க சூழலில் இலட்சத்துக்கு மேற்பட்ட வித்துக்களை உதிர்க்க வல்லது. அவ்வித்துக்கள் யாவும் அடுத்த மழைக்கே முளைத்துவிடுவதில்லை. சில இவ்வாண்டும், சில மறு ஆண்டும், சில பல ஆண்டுகள் கழித்தும் முளைக்கும். இதனைச் சோதித்தறிய விரும்பிய வில்லியம் சேம்சு பீல் என்னும் தாவரவியலறிஞர், 1879ஆம் ஆண்டில் மிச்சிக்கனில் 20 போத்தல்களை நிலத்திற் புதைத்து வைத்தார். ஒவ்வொரு போத்தலிலும் 21 இனச் செடிகளின் வித்துக்கள் இனத்துக்கு ஐம்பதாக மணலோடு கலந்து இடப்பட்டன. குறித்த இடைவெளிகளில் ஒவ்வொன்றாகத் தோண்டியெடுக்கப்பட்டு வந்த அப்போத்தல்களுள், 2021ஆம் ஆண்டில் வெளிப்பட்டதிலும் வெர்பாசுக்கம் என்னுஞ் செடியின் வித்துக்கள் சில முளைத்தன. நூற்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக மண்ணுள் உயிரை அடக்கிக் காத்திருந்த வித்து, ஒளியும் ஈரமும் பெற்றவுடன் முளைகாட்டிற்று. இத்தகைய பகையை ஒருநாட் போரில் வெல்லுதல் இயலாது என்பது வெளிப்படை.

நிலத்தை மூடிக் களையைத் தடுக்கும் எண்ணம் பொலித்தீனுக்கு முற்பட்டது. வைக்கோலும் சருகும் தழையும் கொண்டு மூடாக்கிடுதல் பல நாட்டு உழவரும் அறிந்த முறையே. தொழிற்சாலையிற் செய்த பொருளால் நிலத்தை மூடும் முறைக்கு அவாய்த் தீவிற் கரும்புத் தோட்டமொன்றை நடத்திய சாள்சு எக்காட்டு என்பவர் 1914ஆம் ஆண்டளவில் வழிகாட்டினார். தார் தோய்ந்த கடதாசியை அவர் கரும்பு வரிசைகளின் மேல் விரித்தார். கூரிய கரும்பு முளைகள் கடதாசியைத் துளைத்து மேல்வந்தன. மெல்லிய களைகளோ அதன்கீழ் இருளில் மடிந்தன. பின்னர் அன்னாசித் தோட்டங்களிலும் இம்முறை பெரிதும் பரவிற்று. இந்நிகழ்ச்சியிற் பொதிந்துள்ள கருத்தொன்றை, பின்னர்க் கோரையைப்பற்றிக் கூறுமிடத்து மீண்டும் நினைவுகூர வேண்டியிருக்கும்.

பொலித்தீன் என்னும் பல்பகுதியம் 1933ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே, இம்பீரியல் இரசாயனத் தொழிற்கம்பனியின் ஆய்வுகூடத்திற் றெசினோல்டு கிப்சன், எரிக்கு போசெற்று என்னும் இருவராற் கண்டறியப்பட்டது. உழவுத் துறையிற் பிளாத்திக்கைப் புகுத்தியவருள் முதன்மையானவர் கென்றக்கிப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த எமரி எம்மேட் என்பவர். கண்ணாடியாற் பச்சைவீடு கட்டப் பணமின்மையால், அவர் 1948ஆம் ஆண்டில் மரச்சட்டங்களின்மேற் செலோபேன் தாளை விரித்துக் கட்டினார். வறுமையாற் பிறந்த இச்சிக்கன முயற்சியே பின்னர்ப் பெருந்துறையாய் விரிந்தது. 1950ஆம் ஆண்டுகளிற் பொலித்தீன் கொண்டு நிலத்தை மூடுதலையும், பயிர் வரிசையைப் போர்த்துதலையும் அவர் ஆராய்ந்து வெளியிட்டார்.

இவ்விரண்டையும் வேறுபிரித்து அறிதல் வேண்டும். நிலத்தோடு படிய விரிக்கப்பட்டு, துளைகளினூடாகப் பயிர் வெளிவருமாறு அமைவது மூடாக்கு. வளைந்த கம்பிகளின் மேல் இழுத்துக் கட்டப்பட்டு, பயிருக்கு மேலே சிறு குகைபோல் நிற்பது போர்வை அல்லது தாழ்கூடாரம். மூடாக்கு மண்ணின் வெப்பத்தையும் ஈரத்தையும் மாற்றுகின்றது. தாழ்கூடாரம் பயிரைச் சூழ்ந்த காற்றின் வெப்பத்தை மாற்றுகின்றது. முன்னையது களையைத் தடுக்கவுங் கூடும், வளர்க்கவுங் கூடும். பின்னையது தானாகக் களையைத் தடுப்பதேயில்லை.

மூடாக்கு களையைத் தடுக்குமா வளர்க்குமா என்பது அதன் நிறத்தைப் பொறுத்தது. ஒளிபுகவிடும் தெளிந்த பொலித்தீன் ஞாயிற்றின் கதிர்களைத் தடையின்றி உள்ளே விடுகின்றது. மண் அக்கதிர்களை உறிஞ்சிச் சூடாகி, நீண்ட அலைகளாக வெப்பத்தை வெளிவிடும்போது, தாளின் உட்புறத்தே படிந்த நீர்த்துளிகள் அவ்வெப்பத்தின் பெரும்பகுதியைத் தடுத்து நிறுத்துகின்றன. இதனால், ஐந்து சதமமீற்றர் ஆழத்தில் மண்ணின் பகல் வெப்பநிலை மூடப்படாத நிலத்தினும் ஏறக்குறைய 4 முதல் 8 பாகை செல்சியசு வரை உயர்கின்றது. வசந்த காலத்துக் குளிரில் வத்தகையும் சோளமும் முன்னதாக விளைய விரும்பும் நாடுகளுக்கு இது பெரும் பேறு. ஆயின் ஒளி, வெம்மை, ஈரம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடிய அவ்விடம் களைக்கும் பொன்னுலகமாகும். களைகள் தாளின்கீழ்ச் செழித்து வளர்ந்து, ஈற்றில் தாளையே மேலே தூக்கி நிறுத்திவிடுவதும் உண்டு.

கரிய பொலித்தீனோ ஒளியை உள்ளே விடுவதில்லை. வித்திலிருந்து முளைக்குங் களை தன் சிறு சேமிப்பைக் கொண்டு சில நாள் உயிர்வாழும். அதற்குள் ஒளி கிட்டாவிடின் ஒளித்தொகுப்பின்றி மடியும். களைக்கட்டுப்பாட்டுக்குக் கரிய தாள் உலகெங்கும் விரும்பப்படுவதற்குக் காரணம் இதுவே. வெப்பத்தைப் பொறுத்தவரை இது தெளிந்த தாளுக்குத் தாழ்ந்தது. உறிஞ்சிய வெப்பத்திற் பெரும்பங்கைத் தாள் காற்றுக்கே இழந்துவிடுவதால், ஐந்து சதமமீற்றர் ஆழத்தில் ஏறக்குறைய 3 பாகை உயர்வே கிட்டுகின்றது. அதுவும் தாள் மண்ணோடு நன்கு படிந்திருந்தால் மாத்திரமே. இடையிற் காற்று நின்றால், காற்று வெப்பத்தை அரிதிற் கடத்துவதாதலால், அவ்வுயர்வும் குறையும். எனவே பாத்தியை நன்கு தூளாக்கிச் சமன்செய்து, தாளை இறுக இழுத்து விளிம்புகளை மண்ணுட் புதைத்தல் வேண்டும். வெப்ப நாடுகளில் மண் மேலுஞ் சூடாதல் தீங்கு பயக்குமாதலால், மேற்புறம் வெண்மையும் கீழ்ப்புறம் கருமையுமான தாளை விரிப்பர். வெண்மை கதிரைத் திருப்பி மண்ணைக் குளிரச்செய்ய, கருமை களைக்கு ஒளியை மறைக்கும். ஒளித்தொகுப்புக்கு உதவுங் கதிர்களைத் தடுத்து, செந்நிறக் கீழ்க்கதிர்களை மாத்திரம் உள்ளே விடும் பழுப்பும் பச்சையுமான தாள்களும் உள்ளன. களையை அடக்குவதிற் கரிய தாளையும், வெப்பமூட்டுவதிற் கரிய தாளுக்கும் தெளிந்த தாளுக்கும் இடைப்பட்ட நிலையையும் இவை ஒத்தன.

கரிய தாளை விரித்துவிட்டாற் களையென்னும் கவலை ஒழிந்தது எனக் கருதுதல் தவறு. அதற்கு மூன்று வாயில்கள் திறந்துள்ளன. முதலாவது, பயிர் வெளிவருதற்கு இட்ட துளை. அதனூடாக ஒளி புகுமிடத்துக் களையும் புகும். புகுந்த களை பயிரின் தண்டோடு ஒட்டி நிற்பதால், அது செய்யுந் தீங்கும் மிகுதி, அதைப் பிடுங்குதலின் இடரும் மிகுதி. துளையை இயன்றவரை சிறிதாக வெட்டுதலும், நட்ட இரண்டு மூன்று வாரங்களுக்குள் துளைக்களையைக் கையாற் பிடுங்குதலுமே இதற்கு மருந்து. இரண்டாவது, பாத்திகளுக்கு இடைப்பட்ட நடைவழி. அங்கே தாளில்லை, தாளின் மேல் விழுந்த மழைநீர் யாவும் அங்கேயே வழிந்து சேர்வதால், களை வழமையினும் மிகுதியாய் வளரும். மூன்றாவது, தாளையே துளைத்து வருங் களை.

அத்தகைய களைகளுள் முதன்மையானது கோரை. ஓம் முதலிய அறிஞர் 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட 'உலகின் மிகக் கொடிய களைகள்' என்னும் ஆங்கில நூலில் முதலிடம் பெற்றது இதுவே. கோரை வித்தை நம்பி வாழ்வதன்று. மண்ணுள் தொடர்தொடராகக் கிழங்குகளை ஈன்று பெருகுவது. தொடரின் நுனிக்கிழங்கு மற்றைக் கிழங்குகளின் அரும்புகளை அடக்கிவைக்கும். உழுபடை அத்தொடரை அறுக்குந்தோறும், உறங்கிய அரும்புகள் விழித்து ஒவ்வொன்றும் புதுச்செடியாகின்றது. கோரையை வெட்டுபவன் அதனைப் பெருக்குபவனாதல் இங்ஙனமாம். கிழங்கிற் சேமித்த மாப்பொருளின் வலியாற் கோரையின் முளை ஊசிபோற் கூர்ந்து நிமிர்ந்து, கரிய பொலித்தீனைக் குத்திக் கிழித்துக்கொண்டு மேல்வருகின்றது. அவாய்த் தோட்டத்திற் கரும்பின் முளைக்கு உதவிய அதே இயல்பு, இங்கே களைக்கு உதவுகின்றது.

இவ்விடத்து வியப்பான ஓர் உண்மை உண்டு. கோரையின் முளை இருளில் இருக்கும்வரையிலேயே கூர்மை குன்றாது நீளும். ஒளி பட்டவுடன் அது மேலே வந்துவிட்டதாகக் கொண்டு இலைகளை விரிக்கத் தொடங்கும். கரிய தாளின்கீழ் ஒளியின்மையால் முளை கூராகவே நின்று தாளைத் துளைக்கின்றது. தெளிந்த தாளின்கீழோ, ஒளியால் ஏமாந்து தாளுக்குக் கீழேயே இலையை விரித்து, வெளியேற மாட்டாது சிறைப்பட்டு வெப்பத்தாற் கருகுகின்றது. புளோரிடாவில் நடந்த ஆராய்ச்சிகள் இதனைத் தெளிவாக்கின. வித்துக்களைக்கு இருளே எமன். கோரைக்கு ஒளியே பொறி. ஆகவே எக்களை எந்நிலத்தில் மிகுந்துள்ளது என்பதை அறியாது தாளின் நிறத்தைத் தெரிதல், நோயை அறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிற் செல்வ நாடுகளின் மரக்கறிச் செய்கையாளர் இத்தொல்லைகள் யாவற்றுக்கும் ஒரே மருந்தைக் கண்டனர். அது மெதயில் புரோமைட்டு என்னும் நச்சு வாயு. பாத்தி அமைக்கும் பொறியே மண்ணுள் வாயுவைச் செலுத்தி, உடனே மேலே பொலித்தீனை விரித்துச் செல்லும். தாளின்கீழ் அடைபட்ட வாயு களை வித்தையும், கோரைக் கிழங்கையும், வேரைத் தாக்கும் வட்டப்புழுக்களையும், பங்கசுக்களையும் ஒருங்கே அழித்தது. புளோரிடாவின் தக்காளியும் கலிபோணியாவின் திராபெரியும் இம்முறையை நம்பியே விளைந்தன. மண்ணினின்று வெளியேறிய அவ்வாயு வளிமண்டலத்தில் உயர்ந்து ஓசோன் படையைச் சிதைப்பது பின்னரே உணரப்பட்டது. ஓசோன் படையைக் காத்தற்கு 1987ஆம் ஆண்டிற் செய்யப்பட்ட மொன்றியல் உடன்படிக்கையின் பட்டியலில், 1992ஆம் ஆண்டு கோப்பன்கேகனிற் கூடிய நாடுகள் மெதயில் புரோமைட்டையும் சேர்த்தன. வளர்ச்சியடைந்த நாடுகள் 2005ஆம் ஆண்டிலும், வளர்முக நாடுகள் 2015ஆம் ஆண்டிலும், சிறு விலக்குகள் நீங்கலாக, உழவில் அதனைக் கைவிட வேண்டியதாயிற்று. ஓர் ஊரின் தக்காளிப் பாத்தியிலே களை கொல்ல இட்ட வாயு, உலகத்தார் யாவருக்கும் பொதுவான வானத்தைப் புண்படுத்திற்று.

அவ்வாயுவுக்கு மாற்றாக வந்த முறைகளுள் எளிமையும் தூய்மையும் ஒருங்கு வாய்ந்தது ஞாயிற்று வெப்பத்தால் மண்ணைத் தூய்மை செய்தல். இசுரவேல் நாட்டு எபிரேயப் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த யாக்கோவ் கத்தான் என்பவரும் அவர்தங் குழுவினரும் 1976ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டனர். முறை மிக எளிது. கோடை வெயில் உச்சமாகும் காலத்தில் நிலத்தை நன்கு பண்படுத்திச் சமன்செய்து, ஆழமாக நீர் பாய்ச்சி, மெல்லிய தெளிந்த பொலித்தீனால் மூடி, விளிம்புகளைப் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வரை விட்டுவிடல் வேண்டும். மேல்மண்ணின் வெப்பநிலை 45 முதல் 55 பாகை செல்சியசு வரை உயரும். அவ்வெப்பம் நாள்தோறும் மீண்டும் மீண்டும் தாக்குவதால், களை வித்துக்களும் நோய்க்கிருமிகளும் பெரும்பாலும் அழியும். தக்காளி முதலிய பயிர்களின் வேரில் ஒட்டி உறிஞ்சி வாழும் ஓரோபாங்கி என்னும் ஒட்டுண்ணிக் களையையும் இம்முறை அடக்கியமை குறிப்பிடத்தக்கது; மண்ணுள் மறைந்திருந்து பயிரை அழித்த பின்னரே தலைகாட்டும் அக்களைக்கு, மண்வெட்டியாற் செய்யக்கூடியது சிறிதே.

இம்முறையில் நீர் பாய்ச்சுதலை விடுதலாகாது. உலர்ந்த மண் வெப்பத்தை ஆழத்துக்குக் கடத்தாது, ஈரமண் கடத்தும். அன்றியும், உலர்ந்த வித்து வெப்பத்தைத் தாங்கும். ஈரத்தால் விழித்தெழுந்த வித்து தாங்காது. தாளும் தெளிந்ததாயிருத்தல் வேண்டும்; கரிய தாள் இப்பணிக்கு அத்துணை உதவாது. ஒரே பொருள், பயிருக்கு முன்னர் வெயிலில் விரிக்குமிடத்துத் தெளிந்ததாகவும், பயிரோடு விரிக்குமிடத்துக் கரியதாகவும் இருக்க வேண்டுமென்பது இதனாற் பெறப்படும்.

இம்முறைக்கும் எல்லைகள் உள. ஆழத்துக் கிடக்குங் கோரைக் கிழங்கை வெப்பம் முற்றாக எட்டுவதில்லை. தடித்த வித்துறையுடைய மெலிலோத்தசு போன்ற களைகள் வெப்பத்தைத் தாங்கி எஞ்சும். நிலம் ஒரு மாதத்துக்கு மேற் பயிரின்றிக் கிடத்தல் வேண்டும். சிறுநிலம் உடையோனுக்கு இது சிறு இழப்பன்று. முகில் மூடிய காலத்தில் இம்முறை பயன்தராது. வெப்பமூட்டிய பின்னர் நிலத்தை ஆழ உழுதாற் கீழே உயிரோடிருக்கும் வித்துக்கள் மேலே வந்துவிடுமாதலால், மேலோட்டமாகக் கிளறியே நடுதல் வேண்டும். நாற்றுமேடை போன்ற சிறு பரப்புக்கு இதனினும் சிக்கனமான முறை அரிது.

களைகொல்லி மருந்துகளைப் பொலித்தீனோடு சேர்த்துக் கையாளுதற்குத் தனி எச்சரிக்கை வேண்டும். திறந்த நிலத்தில் இட்ட மருந்தின் ஒரு பகுதியை வெயில் சிதைக்கும். ஒரு பகுதி ஆவியாகிக் காற்றோடு போகும். தாளின் கீழோ தாழ்கூடாரத்தினுள்ளோ இட்ட மருந்து இவ்விரு வழியும் அடைபட்டு நிற்கும். வெம்மையும் ஈரமும் அதன் வீரியத்தை மிகுவிக்க, ஆவி கூடாரத்தினுள்ளே தேங்கிப் பயிரையே கருக்கிவிடுதல் கூடும். திறந்த நிலத்துக்குப் பொருந்திய அளவு மூடிய நிலத்துக்குப் பொருந்தாது. அடைப்பிலே அச்சிட்ட குறிப்பு அப்பயன்பாட்டுக்கு இசைவு தராவிடின், அம்மருந்தை அங்கு இடுதல் தகாது.

கிளைபோசேற்று போன்ற, எல்லாச் செடியையுங் கொல்லும் மருந்துகளைப்பற்றியும் ஒரு குறிப்புண்டு. மண்ணிற் பட்டால் அது மண்துணிக்கைகளோடு பிணைந்து பெரும்பாலும் செயலற்றுப் போகும். பொலித்தீனின்மேற் பட்டாலோ பிணைவதற்கு மண்ணில்லை. மருந்து தாளின்மேலேயே படிந்து கிடக்கும். அடுத்து நடப்படும் நாற்றின் இலை அதன்மேற் படிந்தாலும், மழைநீர் அதனைக் கழுவித் துளையினுட் சேர்த்தாலும் பயிர் மடியும். எனவே நடுதற்கு முன்னர்ப் போதிய மழையோ தெளிப்பு நீரோ தாளை நன்கு கழுவியிருத்தல் வேண்டும். நடைவழிக் களைக்கு மருந்து தெளிப்பின், தெளிகருவியின் வாயைக் கவசத்தால் மறைத்து, காற்றடங்கிய வேளையில், தாளிலும் பயிரிலும் படாமற் றெளித்தலே முறை. நடைவழியில் வைக்கோலைப் பரப்புதல் மருந்தின்றியே இவ்வேலையின் பெரும்பகுதியைச் செய்துவிடும்.

தாழ்கூடாரத்தின்கீழ் வளரும் பயிருக்குக் களைக்கட்டுப்பாடு போர்வை இடுதற்கு முன்னரே தொடங்கவேண்டும். பாத்தியை அமைத்து நீர் பாய்ச்சி, களை வித்துக்களை முளைக்கவிட்டு, அவை இரண்டிலைப் பருவத்தில் நிற்கையில் மேலோட்டமாகச் சுரண்டி அழித்த பின்னரே பயிரை விதைத்தல் ஒரு நல்ல உபாயம். மேல்மண்ணில் முளைக்கக் காத்திருந்த வித்துக்களின் பெரும்பகுதி இவ்வாறு தம்மைத் தாமே காட்டிக்கொடுத்துவிடும். அதன் பின்னர் மண்ணை ஆழமாய்க் கிளறுதல் ஆகாது. கிளறினால் அடுத்த படை மேலெழும். கீழே கரிய மூடாக்கும் மேலே தெளிந்த கூடாரமும் அமைத்தால், பயிர் வெம்மையைப் பெறக் களை ஒளியை இழக்கும். மேலும், பூசணிக் குடும்பப் பயிர்கள் பூக்குங் காலத்தில் தேனீக்கள் வந்துசெல்லும்பொருட்டுக் கூடாரத்தைத் திறந்துவிடல் வேண்டும். அந்நாளே துளைக்களைகளை இறுதியாகப் பிடுங்குதற்கும் உகந்த நாளாம். நீரையும் துளிநீர்க் குழாயினாற் றாளின்கீழ்ப் பயிரின் வேருக்கே செலுத்தினால், நடைவழி வரண்டு கிடக்கும். வரண்ட நிலத்தில் வித்து முளைப்பது அரிது.

இதுகாறும் கூறியவற்றாற் பொலித்தீன் உழவனுக்கு வாய்த்த நல்ல கருவியென்பது போதரும். ஆயின் அறுவடையின் பின் அக்கருவி எங்கே போகின்றது என்னும் வினாவுக்கு விடையிறுக்காமல் இவ்வாராய்ச்சி நிறைவெய்தாது. உணவு விவசாயத் தாபனம் 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையின்படி, பயிர்ச் செய்கையிலும் விலங்கு வளர்ப்பிலும் உலகம் ஆண்டொன்றுக்கு ஏறக்குறைய 12.5 மில்லியன் தொன் பிளாத்திக்கைப் பயன்படுத்துகின்றது. மண்ணோடு படியும் மூடாக்குத் தாள் அதில் மிகவும் இடர்தரும் பகுதியாகும். பயன்படுத்திய தாளில் மண்ணும் சருகும் நீரும் ஒட்டியிருப்பதால், அதனைக் கழுவி மீண்டும் உருக்கிப் பயன்படுத்தும் செலவைத் தொழிற்சாலைகள் விரும்பி ஏற்பதில்லை. எரித்தால் நச்சுப் புகை. புதைத்தால் அழியாக் குப்பை.

சீன நாட்டின் அனுபவம் இதற்குச் சான்றாகும். 1978ஆம் ஆண்டிலே யப்பானிலிருந்து அங்கு புகுந்த மூடாக்கு முறை, விளைவைப் பெருக்கி 'வெண்மைப் புரட்சி' எனப் புகழ்பெற்றது. சிக்கனம் கருதி 0.008 மில்லிமீற்றர் தடிப்பேயுடைய மெல்லிய தாள்கள் பரவின. அத்தகைய தாளை அறுவடையின் பின் முழுதாக எடுத்தல் இயலாது. தொட்ட இடமெல்லாம் கிழியும். கிழிந்த துண்டுகள் ஆண்டுதோறும் மண்ணிற் சேர்ந்து, நீரின் ஓட்டத்தையும் வேரின் போக்கையும் தடுக்கலாயின. புரட்சி எனப்பட்டது 'வெண்மை மாசு' எனப் பெயர் மாறிற்று. 2017ஆம் ஆண்டில் அந்நாடு தாளின் குறைந்த தடிப்பை 0.010 மில்லிமீற்றராக உயர்த்தித் தன் தரக்கட்டளையைத் திருத்திற்று.

இங்கே களைக்கும் குப்பைக்கும் உள்ள தொடர்பு பெரும்பாலோராற் கவனிக்கப்படுவதில்லை. துளைக்களையைப் பிடுங்காது விட்ட பாத்தியில், அக்களைகள் துளைகளினூடு பருத்து வேரூன்றித் தாளை நிலத்தோடு ஆணியடித்தாற்போற் பிணைத்துவிடும். கோரை துளைத்த தாளோ சல்லடைபோலாகிவிடும். அத்தகைய தாளை உரிக்குங்கால் அது துண்டு துண்டாய்க் கிழிந்து மண்ணிலேயே தங்கும். பருவத்திற் களை பிடுங்கிய பாத்தியின் தாளோ முழுமையாகச் சுருண்டு வரும். ஆகவே காலத்தே செய்த களையெடுப்பு, அவ்வாண்டின் விளைவை மாத்திரமன்றிப் பின்வரும் ஆண்டுகளின் மண்ணையுங் காக்கின்றது.

மண்ணிலேயே உக்கி அழியும் தாள்களும் செய்யப்பட்டுள்ளன. ஐரோப்பிய நாடுகள் 2018ஆம் ஆண்டில் வகுத்த தரக்கட்டளையின்படி, அத்தகைய தாளின் காபனில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு, ஆய்வுகூட மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் காபனீரொட்சைட்டாக மாறவேண்டும். வயல்மண்ணின் குளிரும் வரட்சியும் அவ்வேகத்தைக் குறைக்கக்கூடும். விலையும் பொலித்தீனினும் மிகுதி. வெயிலில் நொறுங்கிச் சிறு துகளாகும் பொலித்தீனை 'அழியும் தாள்' என விற்கும் வழக்கமும் இருந்தது. நொறுங்குதல் வேறு, உக்குதல் வேறு. நொறுங்கியது கண்ணுக்கு மறையுமேயன்றி மண்ணைவிட்டு நீங்காது.

களைக்கட்டுப்பாட்டின் வரலாற்றை நோக்குமிடத்து, ஒரே கருவியால் முற்றும் வென்றுவிடலாம் என்னும் நம்பிக்கை மீண்டும் மீண்டும் பொய்த்தமை புலனாகும். மண்வெட்டி முதுகை வளைத்தது. நச்சு வாயு வானைப் புண்படுத்திற்று. மெல்லிய தாள் மண்ணை அடைத்தது. நின்று பயன்தந்தவை சிறு செயல்களின் கூட்டே: முன்னரே முளைக்கவிட்டு அழித்தல், நிலத்துக்கேற்ற நிறத்தைத் தெரிதல், துளையைச் சிறிதாக வெட்டுதல், வெயிலை ஏவல்கொள்ளுதல், நீரை வேருக்கே விடுதல், எஞ்சிய சிலவற்றை வித்துதிர்க்கும் முன் கையாற் பிடுங்குதல், முடிவிற் றாளை முழுமையாகத் திரும்ப எடுத்தல் என்பன. போர்வை இட்ட உழவன் அதனைத் தூக்கிப் பார்க்கும் வழக்கத்தையும் உடன்கொள்ளல் வேண்டும். வாரத்துக்கொருமுறை தூக்கிப் பார்ப்பவனுக்கு ஒரு கைப்பிடிக் களை. அறுவடைவரை பாராதிருந்தவனுக்கு அடுத்த பல ஆண்டுகளுக்கும் போதுமான களை.